கண்ணை மூடிக்கொண்டு போட்ட சண்டை

எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் சண்டை போட்டால் கண்ணை மூடிக்கொண்டுதான் போடுவார்கள். முழங்காலில் நின்று, கை கூப்பி, அம்மா முக்காடும் போட்டுக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு. வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்ளும் வீடுகள் போடியில் எங்கள் தெருவிலேயே நிறைய உண்டு. அங்கெல்லாம் சண்டை ஒரு மணி நேரத்தில் முடிந்து, காப்பி போட்டுக் குடித்துவிடுவார்கள். எங்கள் வீட்டு வழக்கு ஆண்டவர் சமுகத்துக்குப் போய்விட்டதால் வாய்தா மேல் வாய்தாவாக மாசக்கணக்கில் நடந்தது.

அப்பா போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர். விடியுமுன் ஆட்களோடு ஜீப்பில் ஏறினால் பொழுது சாய்ந்துதான் இறங்குவார். அம்மா ஊருக்குள் ஒரு ஏலக்காய் குடோனுக்குக் காய் பிரிக்கப் போவாள். இருவரும் வந்து, குளித்து, சோறு வடித்து இறக்கியதும் குடும்ப ஜெபம். அப்பா வேதத்திலிருந்து ஓர் அதிகாரம் வாசிப்பார். அம்மா ஒரு பாட்டு எடுப்பாள். பிறகு ஒவ்வொருவராக ஜெபிக்க வேண்டும். வீட்டில் ஒரே பிள்ளையான நான் முதலில், அடுத்து அம்மா, கடைசியில் அப்பா. ஒருவர் ஜெபிக்கும்போது மற்றவர் குறுக்கே பேசக் கூடாது. முடிவில் எல்லாரும் ஆமென் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்லாவிட்டாலும் ஜெபம் முடிந்ததாகாது, கண்ணைத் திறக்கக் கூடாது. நான் பாதியில் தூங்கிவிடுவதைத் தடுக்க அப்பா போட்ட சட்டம் இது.

ஜெபத்துக்கென்று தனித் தமிழ் உண்டு. "அந்தச் செம்பை வெரசா கொண்டா" என்று அடுப்படியைப் பார்த்துச் சத்தம் போடும் அப்பா, முழங்கால் தரையில் பட்டதும், "தேவரீர் அடியேனுக்குத் தந்தருளின கிருபைகளுக்காக" என்று தொடங்கிவிடுவார். அந்தச் சொற்கள் எனக்குப் பிடிக்கும். பொருள் தெரியாமலே வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பேன். ஆண்டவர் பெரிய படிப்பு படித்தவர், போடித் தமிழில் பேசினால் அவருக்குப் புரியாது, அதனால்தான் இப்படி மாற்றிப் பேசுகிறார்கள் என்று நான்காம் வகுப்பு படித்த எனக்கு ஒரு கணக்கு இருந்தது.

வழக்குக்கு மூலகாரணம் அம்மாவின் படிப்பு. பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கல்யாணம் பண்ணி வைத்துவிட்டார்கள். எனக்கு விவரம் தெரிந்த பிறகு, தபால் வழியில் பி.ஏ. தமிழ் படிக்கச் சேர்ந்தாள். அப்பா அப்போது ஒன்றும் சொல்லவில்லை. வாத்தியார் வேலைக்கு ஆகும் என்று நினைத்திருப்பார். புத்தகங்கள் வந்த பிறகுதான் கோளாறு ஆரம்பித்தது. ஒருநாள் அவர் ஒன்றை எடுத்து நடுவில் பிரித்துப் பார்த்தார். மலையும் மழையுமான ஒரு பழைய பாட்டு. அதில் ஒரு பெண், வருவதாகச் சொன்னவன் வரவில்லையே என்று தோழியிடம் அழுதுகொண்டிருந்தாள். அப்பா புத்தகத்தை மூடி, அது சுடுவதுபோலக் கீழே வைத்தார்.

"இதுக்குப் பரீட்சை வேறயா?"

"ஆமா," என்றாள் அம்மா. "எழுதணும்."

அம்மா அந்தப் பாட்டுகளில் விழுந்து கிடந்தாள். குடோனில் காய் பிரிக்கும்போதும் உதடு அசைந்துகொண்டே இருக்குமாம், கூட இருக்கும் பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள். எனக்குத் தலை வாரும்போது மேற்கே மலையைக் காட்டி, அந்தப் பாட்டில் வருகிற மலையும் இதே மாதிரிதான், அந்தப் பெண் நின்ற இடம்கூட ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவாகத்தான் இருக்கும் என்பாள். அந்த மலை அவளுக்கு அப்பா வேலைக்குப் போகிற இடமாகத்தான் அதுவரை இருந்தது.

பிறகு பரீட்சைத் தேதி வந்தது. தேனியில் ஒரு கல்லூரியில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. அப்பாவின் ஞாயிற்றுக்கிழமையைத் தெரியாதவர்களுக்கு இது ஒன்றும் பெரிய விஷயமாகத் தோன்றாது. காய்ச்சல் என்றாலும் போர்த்திக்கொண்டு சபைக்கு வருகிறவர் அவர். ஆராதனையில் வேதபாடம் வாசிப்பது அவர் பொறுப்பு. அவர் எழுந்து நின்று வாசித்தால் பின்வரிசையில் பேசிக்கொண்டிருக்கும் வாலிபர்கள்கூட வாயை மூடுவார்கள். அவருடைய மனைவி ஆராதனை நேரத்தில் தேனிக்கு பஸ் ஏறி, காதல் பாட்டைப் பற்றிப் பரீட்சை எழுதுவதா? அந்த நாளிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். சில்லறைச் செய்திகள் என் வழியாகவும் பெரிய செய்திகள் ஆண்டவர் வழியாகவும் போயின.

"எல்லாப் பாஷைகளையும் படைத்த தேவனே," என்று அம்மா ஜெபிப்பாள், "தமிழையும் தேவரீரே படைத்தீர் என்பதை உணராதிருக்கிறவர்களுக்கு உணர்த்தியருளும்."

அடுத்து அப்பா. "உமக்குரிய நாளை உலகத்துக்கு விற்றுப்போட நினைக்கிற உள்ளங்களை, கர்த்தாவே, கோபப்படாமல் மன்னியும்."

கோபப்பட்டுக்கொண்டிருந்தது அப்பாதான். இரண்டுக்கும் நான் ஆமென் சொன்னேன், இரண்டுமே நல்ல தமிழாக இருந்ததால். இதில் முதல் ஆளாக ஜெபிக்கும் என் பாடுதான் திண்டாட்டம். சடை பின்னும்போது அம்மா, பரீட்சைக்காக ஜெபி என்பாள். அப்பா தேன்மிட்டாய் வாங்கி வந்து, அம்மாவுக்கு நல்ல புத்தி வரவேண்டும் என்று ஜெபி என்பார். நான் யார் மனமும் நோகாமல், அம்மாவுக்கு நல்ல புத்தியோடு பரீட்சை எழுத உதவி செய்யும் என்று ஜெபித்தேன். இருவருமே அதில் திருப்திப்படவில்லை.

இதையெல்லாம் எங்களைவிட ஆவலோடு கேட்டுக்கொண்டிருந்தது பக்கத்து வீட்டுப் பெரியம்மா. சொந்தமில்லை, முறை வைத்துக் கூப்பிடுவதுதான். ராசிங்காபுரத்தில் தோட்டந்துரவு உள்ள குடும்பம். மாரியம்மனுக்கு வருசம் தவறாமல் தீச்சட்டி எடுப்பவர். ஆனால் எங்கள் ஜெப நேரத்தில் டிவியை அணைத்துவிட்டுச் சுவரோரம் வந்து உட்கார்ந்துவிடுவார். காலையில் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொள்வார்.

"ஏ ஆத்தா, நேத்து உங்கப்பா என்ன சொன்னாரு? பாதியில மோட்டாரப் போட்டுட்டாய்ங்க, ஒண்ணுங் கேக்கல."

பரீட்சைக்கு முந்தின வாரத்தில் ஒரு சாயங்காலம் அப்பா ஜெபத்தை அதிக நேரம் நீட்டினார். தோட்டத்துக்காக, மழைக்காக, மலைமேல் வேலை செய்பவர்களுக்காக, ஜீப் ஓட்டுபவர்களுக்காக எல்லாம் ஜெபித்துவிட்டுக் கடைசியில், "ஆண்டவரே, வருகிற ஓய்வுநாளில் இந்த வீட்டிலுள்ள ஒருவருடைய காலும் உம்முடைய ஆலயத்தை விட்டு வேறு வழியில் போகாதபடி தடுத்து நிறுத்தும்," என்று முடித்தார்.

"ஆமென்," என்றேன் நான். பசி எனக்கு.

அம்மா சொல்லவில்லை.

முதலில், இருமல் ஏதாவது வந்திருக்கும் என்று நினைத்தேன். காத்திருந்தோம். அம்மாவின் வளையல்கூட அசையவில்லை. மறுபடி, கொஞ்சம் உரக்க, "ஆமென்" என்றேன், அவளுக்கு ஞாபகப்படுத்துவதற்காக. அப்போதும் சத்தமில்லை. அப்பா எழுந்துகொள்ளவும் முடியாது, சட்டம் அவர் போட்டது. குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தமும் நின்றுவிட்டது. எனக்கு முழங்கால் வலித்து, அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இனி நாங்கள் மூன்று பேரும் இப்படியே இருந்துவிடுவோமோ என்று நிஜமாகவே பயந்தேன்.

அப்போதுதான் அம்மா பேச ஆரம்பித்தாள். அப்பா முடித்த பிறகு இன்னொருவர் ஜெபிப்பது எங்கள் வீட்டில் நடந்ததே இல்லை.

"கர்த்தாவே, அடியாளுடைய விண்ணப்பத்துக்குச் செவிசாய்த்து," என்று ஒழுங்காகத்தான் தொடங்கினாள். இரண்டு வரிகூடத் தாண்டவில்லை, குரல் உடைந்தது. அதன் பிறகு வந்தது குழாயடித் தமிழ். "ஆண்டவரே, நான் படிக்கணும். அம்புட்டுத்தான். வேலைக்குன்னு இல்ல, சம்பளத்துக்குன்னும் இல்ல. அந்தப் பாட்டப் படிச்சா எனக்கு அழுக வருது. எந்தக் காலத்துலயோ எவளோ ஒருத்தி அழுததுக்கு எனக்கு ஏன் அழுக வருதுன்னு தெரியணும். இது தப்பா? தப்புன்னா நீங்களே சொல்லுங்க, வேற யாரும் சொல்ல வேணாம். உங்க கோயிலுக்கு வராம நான் போகமாட்டேன். மெட்டுக்கு மேல சபையில வெடியக்காலமே ஆராதன இருக்கு. அங்க வந்து உங்களப் பாத்துட்டு, அப்புறம் கீழ எறங்கிப் பரீட்சைக்குப் போறேன். யாரு என்ன சொன்னாலும் போறேன். ஆமென்."

ஆண்டவருக்கு இது புரிந்திருக்குமா என்று எனக்குக் கவலையாகிவிட்டது. ஆனாலும் ஆமென் சொன்னேன். இப்போது பாக்கி அப்பாதான். ஜெபத்தில் அம்மா அவரிடம் தோற்றதை நான் பார்த்திருக்கிறேன், வென்றதையும் பார்த்திருக்கிறேன். இப்படி இருவரும் சுவர் மாதிரி நின்று பார்த்ததில்லை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "ஆமேன்! ஆமேன்! அட, எந்திரிங்கப்பா, அந்தப் பச்சப்பிள்ள சோறு திங்கட்டும்!"

அப்பா எழுந்துபோய்க் கை கழுவினார். அவர் ஆமென் சொல்லவில்லை என்பதை நான் கவனித்தேன். அதற்கடுத்த நாட்களில் அவர் ஜெபம் சுருங்கிப் போனது. சனிக்கிழமை மட்டும், யாரையும் பார்க்காமல் என்னிடம் சொன்னார்.

"மேல குளிரும். சுவெட்டர் எடுத்துக்கிறச் சொல்லு."

சுவெட்டர் எனக்கு என்று நினைத்து, என்னுடையதைத் தேடி எடுத்து வைத்தேன். அம்மா தன்னுடையதை எடுத்துக்கொண்டாள்.

பெரியம்மாவின் தம்பி, மலைக்குக் காய்கறி லோடு ஏற்றிப்போகும் ஜீப் வைத்திருந்தார். விடியுமுன் கிளம்பி மேலே கடைகளுக்குப் போட்டுவிட்டு, காலையிலேயே ஏலக்காய் மூட்டைகளோடு இறங்குவார். அதில் அம்மா முன்சீட்டில், நான் அவள் மடியில். என்னை எதற்கு இழுத்துக்கொண்டு வந்தாள் என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"நீதான் சாட்சி," என்றாள். "நான் ஆராதனைக்குப் போனனா இல்லையான்னு நாளைக்கு ஒரு பேச்சு வரப்புடாது."

அந்தப் பொறுப்பு பிடித்துப்போனதால் அழுகையை நிறுத்தினேன். வளைவுகளில் முட்டைக்கோஸ் மூட்டைகள் எங்கள் முதுகில் வந்து சாய்ந்தன. அம்மா இருட்டில் பாட்டுகளை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். ஓட்டுநர், அவள் ஜெபம் பண்ணுவதாக நினைத்து ரேடியோவை அணைத்துவிட்டார்.

மேலே தகரக் கூரை போட்ட சின்னச் சபை. தோட்டத்துப் பெண்கள் சந்தைக்குப் போகவேண்டும் என்பதால் ஆராதனையைப் பொழுது புலரும்போதே வைத்துவிடுவார்கள். தனிப் போதகர் கிடையாது. ஏலச்செடிக்கு மருந்தடிக்கும் ஒருவர்தான் பிரசங்கம் பண்ணுவார். வாரம் முழுவதும் முகத்தில் துணி கட்டிக்கொண்டு பேசாமல் வேலை செய்வதாலோ என்னவோ, வாய் திறந்தால் மூடமாட்டார். அன்றும் உலகத்தின் ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். வெளியே வெளிச்சம் வந்தது, மூடுபனி விலகியது, அவர் இன்னும் முதல் மனிதர்களை விட்டு நகரவில்லை. இறங்கி வந்த ஜீப் வெளியே நின்று ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடி இறுகிக்கொண்டே போனது. பாதியில் எழுந்து போனால் அது ஆராதனை ஆகாது. அப்பா கேட்டால் நான் பொய் சொல்லமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

பிரசங்கியார் தண்ணீர் குடிக்க நிறுத்தினார். அம்மா எழுந்து நின்றுவிட்டாள்.

"ஐயா, மன்னிக்கணும். பத்து மணிக்குத் தேனியில எனக்குப் பரீட்ச. ஆசீர்வாதம் வாங்காமப் போகக் கூடாதுன்னு நிக்கிறேன். எல்லாருமாச் சேந்து வெரசா ஒரு ஜெபம் பண்ணி என்னய அனுப்பி விடுங்க."

பிரசங்கியார் செம்பும் கையுமாக நின்றார். பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. "சேச்சிக்குப் பரீட்சயாம்!" என்று யாரோ பின்னால் சொன்னார்கள். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மாள், என்ன பரீட்சை என்று கேட்டார். அம்மா, "தமிழ்" என்றாள். அந்த அம்மாள் அதற்குமேல் கேட்கவில்லை, கையை உயர்த்தி ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். அடுத்த நொடி அங்கிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில், தமிழும் மலையாளமுமாக, உரக்க ஜெபித்தார்கள். தகரக் கூரை அதிர்ந்தது. யாருக்கும் 'தேவரீர்' என்ற சொல் தேவைப்படவில்லை. "அவளுக்குப் பேனா நிக்காம ஓடட்டும் அப்பா," என்று என் காதருகே ஒருவர் கதறினார். அம்மா முக்காட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். பிரசங்கியார் ஆசீர்வாதம் கூறி முடித்ததும் நாங்கள் ஓடினோம்.

இறங்கும்போது நான் இரண்டு வளைவுகளில் வாந்தி எடுத்தேன். அம்மா ஒரு கையால் என் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். போடிக்குள் நுழைந்தபோது எங்கள் சபைத் தெருவைத் தாண்டித்தான் ஜீப் போகவேண்டும். ஒலிபெருக்கியில் அப்பா வேதபாடம் வாசித்துக்கொண்டிருந்தார். அம்மா புத்தகத்தை மூடி மடியில் வைத்து, அந்தத் தெரு முடியும்வரை கேட்டாள். எவ்வளவு நல்லா வாசிக்கிறாரு என்றாள், என்னிடமா ஓட்டுநரிடமா தெரியவில்லை. பிறகு பஸ் ஸ்டாண்டில், நகர ஆரம்பித்த தேனி பஸ்ஸின் பின்னால் என்னைத் தூக்கிக்கொண்டு ஓடி ஏறினாள். மணி அடிக்கும்போது பரீட்சை அறைக்குள் இருந்தாள். நான் கல்லூரி வாட்ச்மேன் தாத்தாவின் நாற்காலியில் மதியம்வரை தூங்கினேன்.

அன்று சாயங்காலம் ஜெபத்துக்கு உட்கார்ந்தபோது, அப்பா கேட்பார் என்று சாட்சியத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. பொறுக்கமுடியாமல் என் ஜெபத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆராதனை, ஹாரன், வாந்தி, கூரை அதிர்ந்தது வரை. அம்மா, ஸ்தோத்திரம் என்று ஒரே சொல்லோடு முடித்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் டிவி அணைந்தது.

அப்பா ஆரம்பித்தார். வழக்கமான மழை, தோட்டம், ஜீப் எல்லாம் வந்தன. அதன்பின் குரல் இறங்கி, அவர் சபையில் வாசிக்கும் குரலே அல்லாத ஒரு குரலில், "ஆண்டவரே, இந்த வீட்டில் இனிமேல் பெரியவர் சிறியவர் என்கிற வித்தியாசம் வராதபடி, ஒருவரை ஒருவர் அற்பமாய் எண்ணாதபடி..." என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆமென்," என்றாள் அம்மா.

அவர் முடிக்கவே இல்லை. ஜெபத்தில் யாரும் குறுக்கே பேசாத எங்கள் வீட்டில், பாதி வாக்கியத்தில் ஆமென். நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அம்மா கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமென்," என்று இன்னொரு தடவை சொன்னாள்.

வீட்டில் சின்னவள் நான்தான். அதனால் அந்த ஜெபம் எனக்காகத்தான் என்று எடுத்துக்கொண்டேன். இனி எனக்கும் அவர்களுக்குச் சமமான மரியாதை என்று மகிழ்ந்தும் போனேன். அப்பா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு மலையேறியவர் என்பதும், சபையில் வாசிக்கவேண்டியதை வாரம் முழுவதும் தோட்டத்தில் தனியாக வாய்விட்டுப் படித்துப் பழகியவர் என்பதும் நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தன. அம்மாவுக்கு அன்றே தெரியும். படித்து முடித்தால் இவள் தன்னை எந்தக் கண்ணால் பார்ப்பாளோ என்று அவர் பயந்திருக்கிறார். அதை நேரில் கேட்க வாய் வராமல், பாவம், ஞாயிற்றுக்கிழமையைப் பிடித்துக்கொண்டு தொங்கியிருக்கிறார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்குக் கோழிக்குழம்பு. ஈரல் எப்போதும் அப்பாவுக்கு, அதில் பாதியை அவர் எனக்குப் பிய்த்துத் தருவார். அன்றைக்கு அவர் தட்டில் அம்மா போட்ட ஈரலை அவர் முழுசாக எடுத்து அம்மா தட்டில் வைத்தார். "சாப்பிடு, காலையிலருந்து அலைஞ்சிருக்க," என்றார். பல மாதங்களுக்குப் பிறகு, நானும் ஆண்டவரும் நடுவில் இல்லாமல் அவர் அம்மாவிடம் பேசிய பேச்சு அது. அம்மா அந்த ஈரலைப் பார்த்துக்கொண்டு, சாப்பிடாமல் அழுதுகொண்டிருந்தாள். எனக்கு வந்ததே கோபம். பெரியவர் சிறியவர் வித்தியாசம் கூடாது என்று இப்போதுதானே ஜெபம் பண்ணினார், அதற்குள் என் பங்கை எடுத்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டாரே என்று, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனேன்.